பெயர் வரும் இடம்

எங்கள் திண்டிவனத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் போன் பந்தல்காரருக்குப் போகும். அடுத்தது ஆட்டோக்காரருக்கு. மூன்றாவது எனக்கு. ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பின் சீட்டில் நான் மைக்கோடு உட்கார்ந்து, தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போவோம். முப்பத்தைந்து வருடம் இதுதான் வேலை. கூழ் வார்த்தல், கண் சிகிச்சை முகாம், காணாமல் போன ஆடு என்று எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஊர் என்னைச் சாவு சொல்கிறவன் என்றுதான் வைத்திருந்தது. எட்டாவதோடு படிப்பு நின்றவனுக்கு யார் சொல்லித்தரப் போகிறார்கள்? கேட்டுக் கேட்டுப் பழகியதுதான்.

சாவு அறிவிப்பில் தலையையும் வாலையும் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்பது தலை. அனைவரும் வந்து கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்பது வால். நடுவில்தான் கஷ்டம் இருக்கிறது. இறந்தவரின் பெயர், அவர் இன்னாரின் மகன், இன்னாரின் தம்பி, இன்னாரின் தகப்பனார், இன்னாரின் மாமனார் என்று வரிசை போகும். ஒருவரை விட்டுவிட்டால் தீர்ந்தது. ஒரு வீட்டில் கடைசி மருமகனின் பெயர் விட்டுப்போய், அவர் கொண்டுவந்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டோவை மறித்துவிட்டார். "இன்னாப்பா, நான் பொண்ணு எடுத்தது இந்த ஊட்ல இல்லியா? மாலையத் திருப்பி எடுத்துக்கினு போவட்டா?" அது நான் விட்டதில்லை, வீட்டார் சொல்லாமல் விட்டது. இருந்தாலும் திரும்பப் பத்துத் தெருவுக்கும் போய் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தோம்.

நான் தாளில் எழுதிக்கொண்டது கிடையாது. சாவு வீட்டில் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்பேன். விரலை மடக்கிக்கொண்டே வருவேன். எழுந்தால் நாற்பது பெயரும் வரிசை மாறாமல் நிற்கும். பத்துப் பெயரை ஒரு மூச்சில் சொல்லுவேன்.

முதலில் அந்த மூச்சுதான் போனது. அறுபத்தி மூன்று வயதில் பத்துப் பெயர் ஆறாயிற்று, பிறகு நான்காயிற்று. மேல் வரிசைப் பல் கட்டியதும் மைக்கில் விசில் அடித்தது. ஆட்டோக்காரர் ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு நாள் அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜனங்கள் பேசும்போது காதில் நன்றாக விழுந்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். வயதாவதைப் பற்றி மட்டும் அதில் எத்தனையோ பக்கம் இருக்கிறது. மார்க்கெட் வாசலில் அவித்த மல்லாட்டைக் கடலை விற்கும் அம்மா சொன்னது: "காலு ரெண்டும் கூலிக்கு வந்த ஆளுங்க மாதிரிப்பா. அஞ்சு மணி ஆச்சுன்னா மம்முட்டியப் போட்டுட்டு உக்காந்துக்குது." பஸ் ஸ்டாண்டில் ரிட்டயர் ஆன டிரைவர் ஒருவர் சொன்னது: "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. எதிர்ல வர்றவன்தான் மசமசன்னு வர்றான்." இதையெல்லாம் எடுத்துப் பேசி நானும் சிரித்தேன், மற்றவர்களையும் சிரிக்கவைத்தேன்.

ஒருநாள் நோட்டைப் புரட்டியபோது என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'மறதி இன்னா, வர்றேன்னு சொல்லிக்கினா வருது?' யார் சொன்னது என்று எழுதவில்லை. யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டி, "யாரு சொன்னதும்மே இது, நல்லா இருக்குதே?" என்றேன்.

அவள் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கதான் சொன்னீங்க. போன தீவாளிக்கு, இதோ இங்க உக்காந்துக்கினு. சொல்லிட்டு நீங்களே எழுதிக்கினீங்க."

அதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பேச்சுக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு வார்த்தை வராவிட்டால் அதைச் சுற்றி நாலு வார்த்தை பேசிக் கடந்துவிடலாம். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. ஆட்டோக்காரர் பதினெட்டு வருடம் என்னோடு வண்டி ஓட்டியவர், அவருக்கே தெரியவில்லை. கூட இருக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? "நீங்க முன்ன மாதிரி பேசறதில்ல, ரொம்பப் பேசறீங்க" என்றாள் அவள்.

அப்புறம்தான் ஊர் ஓரத்தில் கிடங்கல் பகுதியில் அந்தச் சாவு வந்தது.

அண்ணன், தம்பி இருவரும் ஒரே வாசலில் குடித்தனம் இருந்த குடும்பம். அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் நெல் மிஷின் வைத்திருந்தவர், ஊருக்கே தெரிந்தவர். இறந்தது தம்பி. எழுபது வயது, அதிர்ந்து பேசாத மனிதர். நான் எப்போதும் போல ஒரு தடவை கேட்டு விரல் மடக்கிக்கொண்டு கிளம்பினேன். வீட்டார் ஒரு தாளை நீட்டினார்கள். "எனக்கு எதுக்குங்க தாளு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாலு தெரு சொன்னேன். ஒரு பெயரும் விடவில்லை, வரிசையும் மாறவில்லை. ஆனால் இறந்தவர் இடத்தில் அண்ணன் பெயரைச் சொன்னேன். தம்பி பெயரை உயிரோடு இருக்கும் உறவுகளில் வைத்தேன். ஒரு தெருவில் அல்ல, நாலு தெருவிலும். ஒரு தடவைகூட நாக்கு இடறவில்லை. ஆட்டோக்காரருக்கு அந்தக் குடும்பம் அவ்வளவு பழக்கமில்லை, அவரும் பேசாமல் ஓட்டினார்.

மாலையோடு முதலில் வந்த அம்மா, பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்ததும் "ஐயோ!" என்று மாலையைக் கீழே போட்டுவிட்டாராம். போனில் சொன்னார்கள். திரும்பி வந்தோம். நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "வாப்பா. செத்தவன் கூப்புடறேன், வா." பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். "உயிரோட இருக்கறவன் செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டியாவுமாம். இந்த முட்டிய வச்சிக்கினு இன்னும் எத்தினி வருசம் ஓட்டறது? பேஜாரு பண்ணிட்டியேப்பா."

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி வுடு. நெசமா நான் போற அன்னைக்கு நீயே வந்து சொல்லணும். இன்னைக்கு சொன்னதையே சொல்லு போதும். சொல்றேன்னு சொல்லு."

"சொல்றேங்க" என்றேன்.

அதோடு போயிருந்தால் என் மனமும் ஆறியிருக்கும். உள்ளே தம்பியின் சம்சாரம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "இருக்கற வரைக்கும் இன்னாரு தம்பின்னுதான் ஊரு சொல்லிச்சு. செத்த அன்னைக்காவது அவரு பேரு மைக்ல வரும்னு இருந்தேன்."

திரும்பவும் போனோம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோக்காரர் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா சொன்னதை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதாமலேயே நிற்கிறது. எது நிற்கும், எது போகும் என்பது நம் கையில் இல்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் மகள் வந்து எங்கள் இருவரையும் விழுப்புரத்தில் நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வயசு டாக்டர், மரியாதையாகப் பேசினார். "ஐயா, மூணு வார்த்தை சொல்றேன். அப்புறம் கேப்பேன், சொல்லணும். ரயிலு, சாவி, பூசணிக்காய்." நாற்பது பேரை ஒரு தடவை கேட்டுச் சொன்னவன் நான், மூன்று என்ன பெரிய விஷயம் என்று இருந்தேன். அவர் கிழமை கேட்டார், மாதம் கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். பிறகு அந்த மூன்றைக் கேட்டார்.

"ரயிலு" என்றேன். விழுப்புரம் ஆயிற்றே, ஜங்ஷன் பக்கத்திலேயே கூவிக்கொண்டிருந்தது, அதனால் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவுவதுபோலத் தடவினேன், பள்ளம்தான் இருந்தது.

பின்னால் கலகலவென்று சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரி இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகத்தை மட்டும் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் வைத்திருந்தாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, பரீட்சை அவருக்குத்தான்."

"அவரு பாசானா போதும்ங்க" என்றாள்.

பாசாகவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இது திரும்பாது, வேகத்தைத்தான் கொஞ்சம் குறைக்கலாம் என்றார் டாக்டர்.

மைக்கை விட்டுவிட்டேன். ஆனால் என் குரல் விடவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால், ஒரே நாளில் இரண்டு வீடு வந்துவிட்டால் என்ன செய்வது என்று, ஆட்டோக்காரர் என் குரலில் தலையையும் வாலையும் பதிவு செய்து வைத்திருந்தார். இப்போது பென் டிரைவில் அது ஓடும். நடுவில் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, அவர் கரகரத்த குரலில் தாளைப் பார்த்துப் படிப்பார். அப்புறம் திரும்ப நான் வருவேன். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரல் தெருவில் போகும். ஒரே மூச்சில், ஒரு பிசிறு இல்லாமல், யாரோ ஒருவன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரே சொன்னார், நெல் மிஷின்காரர் மகன் என்று. "அப்பா விடியக்காலம் போயிட்டாரு. நீங்கதான் சொல்லணும்னு சொல்லி வச்சிட்டுப் போயிருக்காரு. முடியுமாங்க, அண்ணா?"

முடியாது என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் பழைய மாதக் காலண்டர் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேத்தியின் ஜெல் பேனாவால் பெரிய பெரிய எழுத்தில், அவரைக் கேட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்தாள். முப்பத்தியிரண்டு பெயர். ஒரு மணி நேரம் அவள் எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். தப்பு வந்தால் நிறுத்துவாள், திரும்ப முதலிலிருந்து. கடைசி மூன்று தடவை தப்பில்லை.

ஆட்டோக்காரருக்கு மனசில்லை. "ண்ணா, தலையும் வாலும் பென் டிரைவ்லயே ஓடட்டும். நடுவுல மட்டும் நீ படி" என்றார்.

"அவரு என்னைத்தான்யா கேட்டாரு" என்றேன்.

முதல் தெருவில் முழுதாகச் சொன்னேன். மூச்சு பிடிக்கவில்லை, பல் விசிலடித்தது. ஆனாலும் சரியாகச் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. அந்தத் தெம்புதான் கெடுத்தது.

இரண்டாவது தெருவில் ஆரம்பித்ததும், பழக்க தோஷம், தாளை விட்டுத் தலையைத் தூக்கி ஜனங்களைப் பார்த்தேன். ஒரு வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண் கேட்டாள்: "யாருங்க, யாரு?"

அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். யார் என்று தெரியவில்லை. பெயர் மட்டுமல்ல, எதற்காக இந்த ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே தெரியவில்லை. கையில் தாள் இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்பதும் தோன்றவில்லை. மைக் திறந்தே இருந்தது. என் மூச்சு இரண்டு ஸ்பீக்கரிலும் தெரு முழுக்கப் புஸ், புஸ் என்று கேட்டதாக ஆட்டோக்காரர் பிறகு சொன்னார்.

அவர் வண்டியை நிறுத்தவில்லை. கையைப் பின்னால் நீட்டி மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு, பென் டிரைவைத் தட்டிவிட்டார். ஆழ்ந்த வருத்தத்துடன் என்று நான் ஆரம்பித்தேன். பத்து வருடத்துக்கு முந்திய நான். பெயர் வரும் இடத்தில் அவர் வண்டியை ஓரம் கட்டி, என் மடியிலிருந்த தாளை எடுத்துப் படித்தார். மீண்டும் நான் வந்து எல்லோரையும் கலந்துகொள்ளச் சொன்னேன். மீதித் தெருக்கள் எல்லாம் இப்படியே போயின. நான் பின்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு டீக்கடை வாசலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. "அங்க பார்றா, வாய மூடிக்கினே பேசறாரு."

சாவு வீட்டில் இறங்கும்போது ஆட்டோக்காரர் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். பெரியவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் சுவரில் தம்பியின் படம், சந்தன மாலையோடு. தம்பியின் சம்சாரம் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவ்வளவுதான். நான் பெட்டியின் பக்கத்தில் போய், ஒரு தெரு சொன்னேங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, சாவுக்குப் போன துணியை வழக்கம்போல வாசல் பக்கத்து வாளியில் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா திருவெண்ணெய்நல்லூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் பையோடு வந்தார். மதில் மேலே எட்டிப் பார்த்தார். "இன்னாங்க இந்நேரத்துல குளியல்? யாரு சாவுக்குப் போயிட்டு வர்றீங்க?"

இந்த முறை தாள் ஞாபகம் வந்தது. வாளியில் கையை விட்டுச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். ஜெல் பேனா மை கரைந்து, தாள் முழுக்க நீலமாக இருந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி துண்டோடு வந்தாள். என் கையிலிருந்ததைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பெரியவரின் பெயரைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் தலையைத் துவட்டிக்கொண்டே, இன்னாருக்கு அண்ணன், இன்னாருக்குத் தகப்பனார், இன்னாருக்கு மாமனார் என்று, வரிசை மாறாமல், கடைசி மருமகன் வரைக்கும் சொல்லி முடித்தாள். ஒருவரையும் விடவில்லை.