என் பங்கு வெளிச்சம்

எனக்கு விளாத்திகுளம் பக்கம். கரிசல் காடு, தலைக்கு மேல் வெயில், ஒதுங்க நிழல் தேடியே வளர்ந்தவன். ஓசூரில் வேலை கிடைத்தபோது ஊரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "ஏசி போட்ட ஊருக்குப் போற. கொடுத்து வச்சவன்." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் சில வருடங்கள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டு நாள்கணக்கில் தூறியது. அந்த மாதம்தான் காலையில் எழுவது எனக்கு வேலையாகிப் போனது. தூங்கி எழுந்தும் தூக்கம் தீரவில்லை. சோறும் இனிப்பும் கண்டபடி உள்ளே போனது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போர்வைக்குள் கிடந்தேன். கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் ஒரு பீஸைக் கையில் எடுத்தால், அளந்தேனா இல்லையா என்றே நினைவிருக்காது. மறுபடி அளப்பேன். தை பிறந்து வானம் வெளுத்ததும் எல்லாம் தானாகச் சரியானது. அடுத்த ஐப்பசியில் மறுபடியும் அதே. சோம்பல் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் அதனுடன் பொறாமையும் சேர்ந்துகொண்டது.

என் பக்கத்து டேபிளில் வேலை பார்ப்பவன் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன். அதே வெயிலில் வளர்ந்தவன், அதே ஷிப்ட், அதே டியூப்லைட். அவனுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. ஊர் எல்லையில் ஜூஜுவாடிப் பக்கம் பனி இறங்கி, எதிரே வரும் லாரி தெரியாத காலையிலும் ஸ்வெட்டர்கூடப் போடாமல் பைக்கில் வந்து இறங்குவான். "என்னலே, மூஞ்சி இப்பிடித் தொங்குது? டீ அடிப்போம் வா" என்பான். அவன் டீயை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ எரியும். ஒரே கரிசல் தண்ணியைக் குடித்து வளர்ந்தோம், இவனுக்கு ஏன் வரவில்லை? இவனுக்கும் வரட்டுமே என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

அதைவிடப் பெரிய பொறாமை வீட்டிலேயே இருந்தது. என் மனைவி ஓசூரை அடுத்த கெலமங்கலத்துக்காரி. குளிர் அவளுக்குத் திருவிழா. பனி விழ ஆரம்பித்தால் அவள் முகமே தெளிந்துவிடும். மார்கழியில் அவரைக்காய் வாங்கி வந்து, கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கிக்கொண்டே தெலுங்குப் பாட்டு ஒன்றை முனகுவாள். வாசலில் பக்கத்து வீட்டு அம்மாவுடன் கன்னடத்தில் சிரித்துப் பேசுவாள். நான் உள்ளே படுத்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்பேன். ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று தோன்றும்.

ஒரு ஞாயிறு மாலை அவள் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கிய நேரம். ரோட்டோரச் சாமந்தித் தோட்டம் ஒன்றில் வரிசை வரிசையாக பல்புகள் எரிந்தன.

"எதுக்கு இவ்ளோ லைட்டு?" என்று கேட்டேன்.

"இன்னும் பகலுதான்னு செடிய ஏமாத்துறாங்க. சீக்கிரம் பூத்துடக் கூடாது, பொங்கல் நோம்பி நேரத்துக்குப் பூக்கணும்."

செடிக்குக்கூட வேண்டிய வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. அவள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், "ஏங்க, இது சோம்பலு இல்ல. நாளைக்கு லீவு சொல்லுங்க. டாக்டர்ட்ட போலாம்" என்றாள்.

மனநல மருத்துவர் ஒரு பெண்மணி. நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "நீங்க பகல் வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். விடியுமுன் கம்பெனி பஸ். ஜன்னலே இல்லாத ஹால். திரும்பும்போது இருட்டு.

"சீசன் மாறும்போது வர்ற டிப்ரஷன் இது. நம்ம ஊர்ப்பக்கம் அவ்வளவா பார்க்கிறதில்ல. ஆனா உங்களுக்கு வருஷா வருஷம் அதே மாசத்துல வருது, அதே மாசத்துல போகுது" என்றார். கண்ணில் கோளாறு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு விளக்கு வாங்கச் சொன்னார். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் அதன் முன் உட்கார வேண்டும். அதையே உற்றுப் பார்க்கக் கூடாது, வெளிச்சம் முகத்தில் விழுந்தால் போதும். கூடவே ஒரு மாத்திரை. மத்தியானம் சாப்பிட்டதும் வெளியே ஒரு நடை.

விளக்கு வந்தது. பரீட்சை அட்டை அளவில் ஒரு வெள்ளைப் பலகை. போட்டால் சமையலறை முழுக்க நண்பகல் ஆகிவிடும். மேஜை மேல் அதைச் சாய்த்து வைத்து முன்னால் உட்கார்ந்தேன். முதல் சில நாட்கள் கண் கூசியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அது என்னுடையது என்பதில் ஒரு திருப்தி இருந்தது. எல்லோருக்கும் வானத்திலிருந்து கிடைப்பது எனக்கு டப்பாவில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை என் மனைவி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் அவரைக்கொட்டைப் பாத்திரம். பிதுக்கம்பருப்பு ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தது. வெளிச்சம் அவள் முகத்திலும் விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"அந்தப் பக்கம் உக்காந்து செய்யேன்."

"ஏன்?"

"இது எனக்குன்னு வாங்குனது. உனக்கு எதுக்கு? நீ நல்லாத்தான இருக்க?"

அவள் கை நின்றது. "உங்க வெளிச்சத்துல நான் உக்காந்தா கொறஞ்சிடுமா?"

"நாள் பூரா சிரிச்சுக்கிட்டுத்தான இருக்க. இதுவும் உனக்கு வேணுமா?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. அவள் கோபப்படவில்லை. பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சிரிக்காம என்ன பண்றது? வீட்ல ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா யார் அடுப்பு பத்த வெக்கறது? மழ ஆரம்பிச்சதுலருந்து நீங்க எங்கூட உக்காந்து ஒரு வார்த்த பேசல. இங்கதான் கொஞ்ச நேரம் முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அதான் வந்தேன்."

அவள் மறுபடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் கையை விட்டு ஒரு கொட்டையைப் பிதுக்கினேன். அது தெறித்து விளக்கின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மேல் அன்றும் பொறாமை வந்தது. ஆனால் எழுந்து போய்விடச் சொல்லத் தோன்றவில்லை.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. சில வாரங்கள் போன பிறகு, அலாரம் அடிக்குமுன் கண் விழித்திருப்பதைக் கவனித்தேன். கம்பெனியில் ஒரு பீஸை ஒரு முறை அளந்தால் நினைவில் நின்றது. மத்தியானம் கேட்டுக்கு வெளியே புங்கமரம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். நன்றாக இல்லாத நாட்களும் இருந்தன. அதையும் டாக்டரிடம் போகும்போது சொன்னேன்.

இந்த வருடம் புரட்டாசியிலேயே விளக்கை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டோம். இப்போது அதன் முன் இரண்டு நாற்காலிகள். யார் முதலில் பேப்பர் படிப்பது என்று சண்டை நடக்கும். கார்த்திகையில் அவள் தம்பி கல்யாணத்துக்காக முன்கூட்டியே கெலமங்கலம் போய்விட்டாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் காலை தனியாக விளக்கைப் போட்டு, தனியாக டீ போட்டுக் குடித்தேன். வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் அங்கே தன் அக்காக்கள் நடுவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும், அந்த வீட்டுக்காரர்கள் எல்லோர் மேலும் பொறாமை பொங்கியது. போன் செய்தேன்.

"லைட்டு போட்டீங்களா?" என்றாள் எடுத்ததும்.

"போட்டாச்சு. நீ எப்ப வர்ற?"

"கல்யாணமே இன்னும் முடியலங்க!"

பின்னால் நாலைந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. போனை வைக்க மனசில்லாமல், அங்கே காலை டிபன் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.