வக்தியின் மின்னஞ்சல் வேகம் பெற்ற கதை

மின்னஞ்சலைத் திறக்கச் சொடுக்கிவிட்டு உஸ்தாத் வக்தி எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். முனைக் கடையில் தாமியா வடை வைத்த ரொட்டியை வாங்கி, கடைக்காரரோடு கால்பந்து பேசியபடி நின்றே தின்று, கை கழுவித் திரும்பி வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

"கால்வாய் வாய்ல கப்பல் நிக்குற மாதிரிதான். முன்னால நிக்கிறவன் நகர்ந்தாத்தானே நம்ம முறை வரும்?" என்பார். போர்ட் சயீதில் பிறந்த எவரும் இதை எதிர்த்துப் பேச முடியாது.

சரக்கு விடுவிக்கும் முகவர் அலுவலகம் எங்களுடையது. என் மேஜைக்கு எதிர் மேஜை அவருடையது. மரியாதைக்கு எல்லோரும் அவரை 'உஸ்தாத்' என்போம். ஆகஸ்டு வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார். ஒற்றை விரலால் தட்டச்சு செய்வார். சுங்கக் கட்டணம் பற்றிய கடிதமானாலும் முதல் வரியில் குடும்ப நலம் விசாரிக்காமல் இருக்கமாட்டார். "நலம் கேக்காம நேரா காரியத்தைக் கேக்குறவன் வட்டிக்காரன்" என்பது அவர் கட்சி. கணினி என்ன கேள்வி கேட்டாலும் படிக்காமல் 'ஆம்' என்று அழுத்துவார். "ஆமான்னு சொல்லிட்டா விட்டுடும். இல்லைன்னு சொன்னா விசாரணை ஆரம்பிக்கும்."

அவருடைய இன்னொரு பழக்கத்தை நாங்கள் யாரும் சரியாகக் கவனித்ததில்லை. வேலை முடிந்த கடிதத்தை உடனே அழித்துவிடுவார். அது 'அழித்தவை' என்ற பகுதிக்குப் போய்ச் சேரும். அதை அவர் ஒருநாளும் காலி செய்ததில்லை. "கடிதம் வர்ற பெட்டி மேஜை மாதிரி, துடைச்சு வச்சிருக்கணும். முடிஞ்சதெல்லாம் பின்னறைக்குப் போகணும்." அவருக்குப் பின்னறை அதுதான். பதின்மூன்று வருடக் கப்பல்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்கிற வசதிக்காகக் குப்பைத் தொட்டியில் வாழ்க்கையைச் சேர்த்துவைக்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். வக்தி அவர்களுக்கெல்லாம் தலைவர்.

அந்தப் பின்னறைதான் அவருக்குச் சோறும் போட்டது. ஒருமுறை சுங்கத்துறை ஒரு பழைய இரும்புக் குழாய்ச் சரக்கைக் கிளறிப் பெரிய அபராதம் போட வந்தது. கப்பலின் பெயரைத் தட்டிவிட்டு, ஒரு கோப்பைத் தேநீர் ஆறும்வரை காத்திருந்து, அந்தச் சரக்கைப் பற்றிக் கப்பல் கேப்டன் அன்றே எழுதிய கடிதத்தை எடுத்து நீட்டினார். அபராதம் விலகியது. முதலாளி ஹாஜ் துல்பா அவர் நெற்றியில் முத்தமிட்டார். அறுபது வயதைத் தாண்டிய பிறகும் ஆண்டுதோறும் அவரை வேலையில் வைத்திருப்பதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. அது வக்திக்கும் தெரியும். ஓய்வூதியம் மருந்துக்கே போதாது, வீட்டில் உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு கொள்கலன் ஆரஞ்சு அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தே கப்பலைத் தவறவிட்டது. ஹாஜ் பொறுமையிழந்து, கணினி சரிசெய்யும் எஞ்சினியர் இனாஸை வரவழைத்தார். கணினியைத் தொடுகிற எல்லோரும் எங்களுக்கு எஞ்சினியர்கள்தான். ஆனால் இனாஸ் நிஜமாகவே படித்தவள், நல்ல பெண்.

"உஸ்தாத், வேண்டியதையெல்லாம் தனியா எடுத்து வச்சிட்டீங்களா?"

"எல்லாம் அதது எடத்துல இருக்கு மகளே. நான் முறையான ஆளு."

அவள் தேவையில்லாத துணை நிரல்களை நிறுத்தினாள், கோப்புகளைச் சுருக்கினாள், மூடும்போது 'அழித்தவை' குப்பை தானாகக் காலியாகட்டும் என்று ஓர் அமைப்பையும் போட்டாள். மூடித் திறந்து பார்க்கக்கூட நேரமில்லை, அடுத்த அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அதற்குள்ளேயே கடிதங்கள் துள்ளித் துள்ளி வந்தன. வக்தி பூரித்துப்போனார். "அட, வயசுப் பிள்ளை மாதிரி ஓடுது!" மாலையில் மூடியபோது வழக்கம்போல ஏதோ கேட்டது. வழக்கம்போல 'ஆம்' என்றார். மூடுவதற்கு மட்டும் வெகுநேரம் பிடித்தது. "பழைய குணம் போகலை பாரு" என்று சிரித்துத் திரையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே அஞ்சல் பெட்டி திறந்துகொண்டது. காப்பீட்டுக்காரர்கள் ஒரு பழைய கப்பலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பெயரைத் தட்டினார். 'எதுவும் இல்லை' என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. வேறொரு பெயரைத் தட்டினார். அதற்கும் அதே வேகம். அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்து நான் எழுந்து போனேன்.

இனாஸ் ஓடி வந்தாள். மீட்கிற கருவிகளையெல்லாம் போட்டுப் பார்த்தாள். சேவையகத்தில் பிரதி கிடையாது, எல்லாம் இந்த ஒரே கணினியில்தான். கடைசியில் கண் கலங்கி, "நான் கேட்டேனே உஸ்தாத்..." என்றாள்.

"கேட்டம்மா. நீ கேட்ட. நான்தான் எல்லாம் எடத்துல இருக்குன்னு சொன்னேன்."

யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் அவர் நினைவிலிருந்த முகவரிகளுக்கெல்லாம் எழுதினார். பிரேயுஸ், மெர்சின், லிமாசோல் என்று எல்லாத் துறைமுகங்களுக்கும். முதலில் குடும்ப நலம், பிறகு, 'நான் உங்களுக்கு எழுதியவை ஏதேனும் இருந்தால் அருள்கூர்ந்து திருப்பி அனுப்புங்கள்.' பெரும்பாலானவை 'இப்படியொரு முகவரி இல்லை' என்று நொடியில் திரும்பி வந்தன. மெர்சினிலிருந்து மட்டும் ஒருவர் 'நீங்கள் யார்?' என்று கேட்டிருந்தார். அந்த ஒற்றை வரியை வக்தி வெகுநேரம் படித்தார்.

ஹாஜ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போனது போச்சு வக்தி" என்று சொல்லிவிட்டு, அதன்பின் அவரிடம் எந்தக் கப்பலைப் பற்றியும் கேட்காமல் விட்டுவிட்டார்.

ஆண்டு முடிவில், அடுத்த வருடமும் வேலையில் இருக்கப்போகிறவர்களின் துறைமுக அனுமதி அட்டைக்காக ஹாஜ் ஒவ்வொரு மேஜையாக வந்து தன் கையாலேயே எங்கள் புகைப்படங்களை வாங்கிக்கொள்வார். சென்ற வாரம் வந்தார். என்னிடம் வாங்கிக்கொண்டார். அடுத்தது எதிர் மேஜை. வக்தி முடி திருத்தி வந்திருந்தார். கை சட்டைப் பைக்குள் போயிருந்தது. புதுப் படங்களின் வெள்ளை ஓரம் வெளியே தெரிந்தது.

"என்ன வக்தி, பேரன் நல்லா இருக்கானா?" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டு ஹாஜ் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

"அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கான் ஹாஜ்" என்றார் வக்தி. பைக்குள் போன கை படங்களை உள்ளே அழுத்திவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது.