பெருமாளைச் சுற்றி வெள்ளை

தொம்மலூரில் வேலை கேட்டுப் போனேன், இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தேன். அடுகோடி வந்ததும் கால் தானாக நின்றது. பழைய ஆட்டோ ஸ்டாண்டு இருந்த இடத்தில், பேனர் கட்டுகிற இரும்புச் சட்டம் மட்டும் துருப்பிடித்து நிற்கிறது. அதற்குள் வானம்தான் தெரிகிறது. பார்த்ததும் ஃபிளெக்ஸ் மையின் நெடி மூக்கில் ஏறியது. இரண்டு வருஷம் அந்த நெடியில் உட்கார்ந்து சோறு தின்றவன் நான்.

எட்டாவதோடு நின்றவனுக்குப் பக்கத்து ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர் என்று பெயர். முதலாளி நாகராஜண்ணனுக்குப் பேனரில் காலி இடம் தெரிந்தால் பூ வைக்க வேண்டும், பூவுக்கு மேல் புறா. நான் பறக்கவிட்ட புறாக்களுக்கு அடுகோடி போதாது.

ஒருநாள் ஆட்டோ ஓட்டுகிற பெருமாள் இறந்துபோனார். அஞ்சலி பேனரில் தங்கள் இருபது பேர் முகமும் வர வேண்டும் என்று ஸ்டாண்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி செல்வி கொண்டுவந்ததோ லைசென்ஸில் இருந்த படம், கட்டைவிரல் நகம் அளவு. வேறு படமே கிடையாது.

"அவுரு நல்லா தெரியணும்ண்ணா. அது போதும்."

பெரிதாக்கினேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"இது யாரோண்ணா."

சிறிதாக்கினேன். இருபது முகங்களுக்கு நடுவே ஆளைக் காணோம். அலுத்துப்போய்ப் பூ, புறா, இருபது பேர், எல்லாவற்றையும் அழித்தேன். பத்தடி வெள்ளை, நடுவில் ஒரு சாண் முகம். வேறு எங்கும் போக இடமில்லாமல் கண் அவரிடமே போய் நின்றது. செல்வி ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"ஆங்... வந்துட்டாரு."

அடித்துக் கொடுத்தனுப்பிய பிறகுதான் நாகராஜண்ணன் வந்தார்.

"இன்னா குரு, இருவது பேரு மூஞ்சி எங்க? சும்னே வெள்ளைய அட்ச்சுக் குட்த்துருக்கே! ஸ்டாண்டுக்காரன் ஷட்டர ஒடைப்பான். நட, நாளைக்கு வராதே."

பையோடு ஸ்டாண்டு வழியாகத்தான் நடந்தேன். அதற்குள் பேனர் கட்டியாகிவிட்டது. அவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு பாஸ்போர்ட் போட்டோவைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நடுவில் ஒட்டப் போனான்.

"டேய், அங்க வோணாம். ஓரமா ஒட்டு," என்றார் ஸ்டாண்டுத் தலைவர்.

இருபது பேரும் ஓரத்தோடு நின்றுகொண்டார்கள். நடுவில் பெருமாள் தனியாக இருந்தார்.

இப்போது ஸ்டாண்டு இல்லை, கடை இல்லை, ஃபிளெக்ஸுக்கும் தடை. செல்வி எங்கே இருக்கிறார் என்று கேட்க ஆளில்லை.

அன்று கடையை விட்ட மறுநாள் காலை பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். மெஷின்களைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போடும் வேலை. கோட்டுக்குள்ளே யாரும் எதையும் வைக்கக் கூடாது என்றார் சூப்பர்வைசர். அது எனக்கு வரும் என்று சொன்னேன்.