அஞ்சம்மாள் கிணற்றில் போட்ட மருந்து

ஓட்டுப் போட மூன்று நாள் இருக்கும்போது கீழத்தெருவில் இரண்டாவது சாவு விழுந்தது. வாந்திபேதி. ஆரணி ஆற்றங்கரையில், பொன்னேரிக்கு நாலு மைல் தள்ளி இருந்த ஊர், வருஷம் 1970. அந்தத் தெருவுக்குப் பஞ்சாயத்து மெம்பர் பதவிக்கு நின்ற அஞ்சம்மாள், ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்தவள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எதைக் கழுவ வேண்டும், எதைக் கொளுத்த வேண்டும் என்றுதான் அவள் கண் போகும்.

முதல் சாவன்றே சுகாதார ஆபீஸில் பிளீச்சிங் பவுடர் கேட்டு வாங்கி வந்து, தெருக் கிணற்றில் தன் கையாலேயே கரைத்து ஊற்றியிருந்தாள். மறுநாள் கிணற்றடியில் ஒரு குடம்கூட இல்லை. தண்ணீரில் அடித்த நெடியைப் பிடித்துக்கொண்டு, எதிர்த்து நின்ற குப்புராஜின் ஆட்கள் கதை கட்டிவிட்டிருந்தார்கள். கலந்தது குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தாம். குடித்தவள் வயிற்றில் இனிப் பிள்ளை தங்காதாம். பெண்கள் குடத்தோடு குட்டைக்குப் போனார்கள். மாடு குளிப்பதும் பேதித்துணி அலசுவதும் அதே குட்டையில்தான்.

இரண்டாவது சாவு விழுந்த அன்று அஞ்சம்மாள் குட்டைக்கரையில் நின்று கத்தினாள். ஆஸ்பத்திரி வார்டில் கத்தியே பழகிய தொண்டை.

"சாவறதுக்குன்னே மொண்டுக்கினு போறீங்களாடி?"

"ஓட்டு கேக்க வந்தியா, திட்ட வந்தியா?" என்றாள் ஒருத்தி. "இன்னும் மெம்பரே ஆவல, அதுக்குள்ள இன்னா அதிகாரம் பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். குடங்கள் நிரம்பின.

அன்று சாயங்காலம் கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டி, தெருமுனையில் வேப்பிலைத் தோரணம் போட்டார்கள். காப்புக் கட்டினால் கூழ் ஊற்றி முடியும்வரை ஊரார் எவரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. ஆக, நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வழியும் அடைபட்டது.

அவளுக்காக ஓட்டுக் கேட்டு அலைந்த அண்ணன் மகன் பரசுராமன் தலையில் கை வைத்தான்.

"அத்தே, ஆபீசருதான் போட்டாருன்னு சொல்லிடு. நமக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"நான் போடலன்னு சொன்னா, அது கெட்ட மருந்துதான்னு ஆயிடும்டா. அப்புறம் எவ கெணத்துக்கு வருவா?"

மறுநாள் காலை கோயிலடியில் கூழுக்கு வீட்டுக்கு வீடு கேழ்வரகு தண்ட ஊர் கூடியது. அஞ்சம்மாள் எழுந்தாள். சாகக் கிடப்பவரின் வீட்டாரிடம் பெரிய டாக்டர் பேசும் விதம் நினைவுக்கு வந்தது. குரல் ஏறாது, ஒரு நேரத்தில் ஒரு சங்கதிதான்.

"கெணத்துல மருந்து போட்டது நான்தான். பேதிக் கிருமி சாவத்தான் போட்டேன். புள்ளத்தாச்சியும் குடிக்கலாம். குட்டைத் தண்ணி வேணாம்."

"பொய்யி!" என்றான் குப்புராஜின் ஆள் வரதன். "அவளுக்குத்தான் புள்ளகுட்டி இல்லியே, இன்னா கவல?"

வாயில் வந்த திட்டை அஞ்சம்மாள் விழுங்கினாள். "இல்லதான். அதுக்கும் கெணத்துக்கும் சம்பந்தம் இல்ல. இன்னொருவாட்டி சொல்றேன், கேளுங்க." அதே நாலு வார்த்தையை அதே குரலில் சொன்னாள். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள்.

கீழத்தெருச் சின்னராசுவின் பெண்டாட்டி கன்னியம்மா மட்டும் பின்னாலேயே வந்தாள்.

"யக்கா, என் பொண்ணுக்கு விடியகாலத்துலேர்ந்து போவுது. கண்ணு உள்ள பூட்ச்சி."

அஞ்சம்மாள் போய்ப் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளியது கிள்ளியபடி நின்றது; உடம்பில் நீர் வற்றிவிட்டது. கஞ்சிக்கு அடங்கும் கட்டம் தாண்டிவிட்டது.

"இப்பவே பொன்னேரிக்குப் போவணும். சலைன் ஏத்தணும். ரெண்டு ராத்திரி ஆவும்."

"காப்புக் கட்டிக்கிதே!"

"நீ இரு. நான் தூக்கிக்கினு போறேன். குத்தம் வந்தா எனக்கு வரட்டும்."

"நீ போனா உனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

"மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைப் போர்வையில் சுற்றினாள். பரசுராமன் முணுமுணுத்துக்கொண்டே வண்டி பூட்டினான்.

ஓட்டுப் போட்ட நாளில் அவள் பொன்னேரி ஆஸ்பத்திரி வார்டுத் தரையில் உட்கார்ந்து பீ துடைத்துக்கொண்டிருந்தாள். தன் ஓட்டைக்கூட அவள் போடவில்லை. மூன்றாவது பாட்டில் இறங்கியபின் பிள்ளை கஞ்சி கேட்டது. அவளுக்கு விழுந்த ஓட்டு பதினொன்று என்று பரசுராமன் வந்து சொன்னான். தெருவில் ஒரு கிழவர் இறந்துபோனதையும், அவள் காப்பை மீறியதால்தான் என்று ஊர் பேசுவதையும் சொன்னான்.

ஊர் திரும்பிப் பிள்ளையைத் தாயிடம் கொடுத்ததும் கன்னியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அவள் ஒருத்திதான் போனாள்.

அஞ்சம்மாள் குட்டைக்கரைக்குப் போனாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர்.

"காப்ப மீறிக் கெழவர சாவடிச்சியே, இன்னும் எதுக்கு வந்த? ஓட்டுதான் முடிஞ்சிப் போச்சே!"

"ஆமா, முடிஞ்சிப் போச்சி. காப்ப மீறினதும் நெசம்தான்" என்றாள். குரல் ஏறவில்லை. "கெழவரு குடிச்சது இந்தத் தண்ணி. கெணத்துல மருந்து போட்டது நான்தான். எதுக்குப் போட்டேன்னு சொல்றேன்…"

முதல் குடம் தண்ணீரில் முங்கியது. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.