டூட்டிங்கில் ஒரு தகரச் சட்டி

லண்டனில், டூட்டிங் சந்தையில் ஒரு பழம்பொருள் கடை முன்னால் நிற்கிறேன். என் கைப்பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய தகரச் சட்டி இருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் இங்கேதான் அதை வாங்கினாள். நம் ஊர் ஈயச்சொம்பு போல இருக்கிறதென்று ஒரு மாதமாக அதில்தான் ரசம் வைத்திருக்கிறாள். நேற்று அவள் ரத்தத்தில் காரீயம் இருப்பது தெரிந்தது. எதிலிருந்து வருகிறதென்று முதலில் கண்டுபிடியுங்கள் என்றார் மருத்துவர்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் எடுத்துக் கொடுத்த சட்டியைக் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைப் பார்க்கிறார்.

"ஆஸ்திரேலியாச் சாமான், அக்கா. நூறு வருஷம் இருக்கும். தகடு இங்கயிருந்து கப்பலில போனது. அங்க வெட்டி, மடிச்சு, விளிம்புகளைப் பத்தவச்சு ஒட்டினவை."

"எதை வச்சு?"

அவர் விரல் பக்கவாட்டில் ஓடும் சாம்பல் நிறக் கோட்டில் நிற்கிறது.

"காரீயம் கலந்ததுதான். ஆனா இது அலுமாரியில வைக்க வித்த சாமான். இதில ஒருத்தரும் சமைக்கிறேல்லையே!"

"நாங்க சமைப்போம். புளி வேற கரைச்சு ஊத்துவோம்."

அவர் அடுக்கிலிருந்து அதே மாதிரி மூன்று சட்டிகளை எடுக்கிறார். ஆணியை வைத்து ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை போடுகிறார்.

"இனி இது பூச்சாடி. உங்கடதையும் தாங்கோ."

"இல்லங்க, டாக்டர்கிட்ட காட்டணும்."

சட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டு மகளைப் போனில் அழைக்கிறேன்.

"சட்டிலருந்துதான்டி வந்திருக்கு. இனி அதுல எதுவும் வைக்காத."

"அது உன் கையிலதாம்மா இருக்கு" என்கிறாள்.