அலறல் இல்லாத ஆல்பம்

எங்கள் முதல் ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. எட்டிலும் நான் அலறுவேன். பாடினேன் என்று சொன்னால் அது பொய். அடிவயிற்றிலிருந்து கிளப்பி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு அலறல் வரும். அது முடிந்த இடத்தில் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து இறங்கும். வரிகள் ஆங்கிலம். அதில் பாதிக்கு எங்களுக்கே அர்த்தம் தெரியாது. நல்லவேளையாக எங்களிடம் யாரும் அர்த்தம் கேட்டதில்லை.

செல்போனில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடைகள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்த காலம் அது. நாங்கள் நாலு பேர். நான் சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் அடிப்பவன் டீச்சர் வீட்டுப் பிள்ளை, சர்ச்சில் வாசித்துப் பழகியவன். பேஸ் கிடார்க்காரன் திருத்தங்கலில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினான். அந்த பிரஸ்ஸின் பின்னால் இருந்த பேப்பர் குடோனில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பிராக்டிஸ். லீட் கிடார் வாசித்தவன் அதிகம் பேசமாட்டான். அவனிடம் யார் என்ன சொன்னாலும் சரி என்பான்.

விருதுநகர் காலேஜ் பையன்கள் எங்கள் சிடியைக் கைமாற்றிக் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால், "அண்ணே, ஒரு தடவ கத்துங்கண்ணே" என்பார்கள். நானும் வெட்கமே இல்லாமல் கத்துவேன். கண்டக்டர்கள் திட்டுவார்கள். அந்தத் திட்டும் எனக்கு மாலை மரியாதை மாதிரிதான் இருந்தது. தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் பொங்கல் விளையாட்டு விழா. வழக்கமாக வரும் ஆர்கெஸ்ட்ரா வேறு ஊருக்குப் போய்விட்டதால் சங்கத்துப் பையன்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். உறியடி முடிந்து, வெயில் இன்னும் முழுக்க இறங்காத நேரம். முன்வரிசை முழுக்கப் பெண்கள். எங்கள் தெருவில் பட்டாசு வேலைக்குப் போகாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கு நடுவில் என் அக்கா, மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலைதான். தம்பி மேடை ஏறுவதைப் பார்க்க அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் கைகாட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் பாட்டின் அலறலை எடுத்தேன். முன்வரிசை மொத்தமும் ஒரே சமயத்தில் எழுந்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் கூட்டம் இப்படித்தான் எழுந்து ஆடும். நம் ஊரும் எழுந்துவிட்டது என்று நினைத்து இன்னும் உரக்க அலறினேன். அவர்கள் ஆடவில்லை. பிள்ளைகளை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, திரும்பியே பார்க்காமல் காட்டுப் பக்கம் ஓடினார்கள். கிழவிகளும் ஓடினார்கள். முப்பது நாற்பது பெண்கள் ஓடியும் அதில் ஒருத்தி வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. எங்கள் டிரம்ஸ் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

பட்டாசுக் கம்பெனியில் யாரும் சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டார்கள். அடுத்த ரூமில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் எழுந்து போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். அங்கே ஒருவர் கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கேட்காதே, பார்க்காதே, ஓடு. அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ராத்திரி இதைச் சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த சனத்தின் முன்னால் மைக்கைப் பிடித்துக் கத்தியிருக்கிறேன். இப்படிப்பட்ட மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஓடையைத் தாண்டும்போது அக்கா விழுந்தாள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. பிள்ளையைத் தூக்கிப் பிடித்ததில் இடது மணிக்கட்டு அடியில் மாட்டி எலும்பு முறிந்துவிட்டது. சிவகாசியில் மாவுக்கட்டுப் போட்டு அழைத்து வந்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. பக்கத்து வீட்டு மதினி ஒருத்தி, "எங்கன வெடிச்சிருச்சோன்னு பயந்துட்டோம் தம்பி" என்றதோடு சரி. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அக்காவிடம் கேட்டேன். "நான்தான் கத்துறேன்னு தெரியலையாக்கா?"

"தெரியும்லே. ஒன் வாயத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். காலு கேக்கலையே" என்றாள்.

அதைவிட மோசம், பிள்ளை என்னிடம் வருவதை நிறுத்திவிட்டாள். வாசலில் என் குரல் கேட்டாலே ஓடிப்போய் அக்காவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். நான் வாங்கி வந்த தின்பண்டத்தைத் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தால்தான் எடுத்துக்கொள்வாள். 

அந்த வாரமே முடிவு எடுத்தேன். அடுத்த ஆல்பத்தில் ஒரு அலறல்கூடக் கிடையாது. எங்கள் தெரு சனம் என் முன்னால் பயமில்லாமல் உட்கார்ந்து ஒரு பாட்டாவது கேட்க வேண்டும். அது முடியாவிட்டால் பாட்டையே விட்டுவிட்டு மனு டைப் அடிப்பது.

குடோனில் சொன்னதும் டிரம்மர் குச்சியைக் கீழே வைத்தான். "அலறல எடுத்துட்டா நம்மகிட்ட வேற என்ன மாப்ள இருக்கு? அதுக்கு நான் சர்ச்சுக்கே போயி ஒழுங்கா வாசிப்பேன்ல."

"பாட்டோட வெயிட்டைக் குறைக்கச் சொல்லல. அலறாம வெயிட் கொண்டுவரணும்."

"எப்படி?"

எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் விடுவதாக இல்லை. மாசக்கணக்கில் முட்டி மோதினோம். வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். கிடார் தந்திகளைத் தளர்த்தி சுருதியை இறக்கிப் பார்த்தோம். லீட்காரன் மறுபேச்சில்லாமல் தளர்த்தினான். வாத்தியம் கனத்தது. என் குரல் மட்டும் ஒட்டவில்லை. மெதுவாகப் பாடினால் தாலாட்டு மாதிரி போனது. கொஞ்சம் ஏற்றினால் பழைய பழக்கத்தில் தொண்டை தானாகவே அலறத் தாவியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிறுத்துவேன். பேஸ்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

வழி வீட்டில்தான் கிடைத்தது. அத்தான் ஒரு நாள் ஏதோ வாயை விட்டார், உடைந்த கை இன்னும் முழுசாகச் சரியாகாதவளைப் பார்த்து சமையல் சரியில்லை என்று. அக்கா சண்டைக்கு நின்றாள். சண்டை முற்ற முற்ற அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் உதடுகூட அசையவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பத்து வருஷம் மருந்து ரூமில் உட்கார்ந்தவள், கோபத்தையும் அங்கே பேசுகிற குரலிலேயே பேசப் பழகியிருந்தாள்.  என் எட்டு அலறலையும் சேர்த்து வைத்தாலும் அதில் பாதிக் கனம் வராது.

மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். தமிழில் எழுதினேன், அர்த்தம் தெரிந்த சொற்களாக. கோபம் ஏறுகிற இடத்தில் குரலை இறக்கினேன். குடோனில் முதல் தடவை அப்படிப் பாடி முடித்தேன். டிரம்மர் கையைத் தேய்த்துக்கொண்டு, "மறுபடி பாடு" என்றான்.

அவனும் மனுஷன்தானே. மதுரை ஸ்டூடியோவில் கடைசி நாள் அவனுக்கு மனசு ஆடிவிட்டது. "ஒரே ஒரு பாட்டுல மட்டும் கத்திரு மாப்ள. பழைய பயலுகளுக்காக." ரெக்கார்டிங் செய்தவரும் சேர்ந்துகொண்டார். பேஸ்காரனும் தலையை ஆட்டினான். லீட்காரன் அவர்களுக்கும் சரி என்றான், எனக்கும் சரி என்றான்.

"அப்ப வேற தொண்டையப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நான் செருப்பைத் தேடினேன். பொய்யாகச் சொல்லவில்லை. போயிருப்பேன். டிரம்மர் என் முகத்தைப் பார்த்தான். "சரி, வந்து தொலை" என்றான்.

ஆல்பம் வந்தது. காலேஜ் பையன்கள் கைவிட்டுவிட்டார்கள். "என்னண்ணே, தொண்டை கட்டிக்கிருச்சா?" என்று பஸ் ஸ்டாண்டில் கேலி. இரண்டு பேர் சிடியைத் திருப்பியே கொடுத்தார்கள். வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுக்காக அதை நான் செய்யவில்லை.

மல்லாங்கிணறில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். வருகிறாயா என்று அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே வந்தாள். அவளோடு எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். யாரும் நாற்காலிப் பக்கம் வரவில்லை. மைதானத்தின் கடைசியில், கேட்டை ஒட்டி நின்றுகொண்டார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். பிள்ளை அக்காவின் இடுப்பில் இருந்தாள். அவளை இறுக்கி அணைத்துக்கொண்டு, பாதி உடம்பைக் கேட்டுக்கு வெளியே வைத்தபடி அக்கா நின்றாள்.

முதல் பாட்டு போனது. அவர்கள் நின்றார்கள். இரண்டாவதும் போனது. மூன்றாவதுதான் இருப்பதிலேயே கனமான பாட்டு. கிடார் அடித்ததில் மேடைப் பலகை அதிர்ந்தது. நான் குரலை இறக்கினேன், இன்னும் இறக்கினேன். வியர்வை கண்ணில் வழிந்தது; துடைக்கப் பயமாக இருந்தது, துடைக்கும் நேரத்தில் அவர்கள் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று.

யாரும் ஓடவில்லை. ஒருத்தி செருப்பைக் கீழே போட்டாள். இன்னொருத்தி மண்ணில் உட்கார்ந்தாள். அக்கா பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் அவள் காலடியில் நின்று மேடையைப் பார்த்தாள். பிறகு நாற்காலிகளுக்கு நடுவே தனியாக என்னைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அக்கா அவளைக் கூப்பிடவில்லை.