வலி போன கால்

டோ லா யின் அக்கா புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காம்பைப் பிடிப்பார், இலையைக் கிள்ளுவார், கூடையில் போடுவார். அடுத்த காம்புக்குக் கை போவதற்குள் வாய் முணுமுணுக்கும்: "கிள்ளுது, கிள்ளுது. போடுது, போடுது."

தியான மடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எதைச் செய்தாலும் அதை மனத்துக்குள் பெயர் சொல்லிக் கவனிக்க வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்தால் மூச்சில் வயிறு எழும்புவதையும் இறங்குவதையும் கவனிக்க வேண்டும். இவருக்கு மனத்துக்குள் சொல்ல வராது. சுருட்டுக் கொட்டகையில் காலை மடக்கி உட்கார்ந்து, பேசிக்கொண்டே சுருட்டி ஆயுளைக் கழித்த வாய் அது.

பர்மாவின் மோல்மீன் ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. ரத்த அழுத்தம் பார்ப்பேன், சர்க்கரை பார்ப்பேன், நகம் வெட்டுவேன். எனக்கும் வயதாகிவிட்டது, ஆனால் முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. அந்த வருஷ மழையில் ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் ஏறி நின்றதால் சில வாரமாக அவர் வீட்டுப் பக்கம் போக முடியவில்லை.

அவர் வீட்டுப் படியடியில் எப்போதும் ஒரே ஒரு ஜோடி செருப்புதான் இருக்கும். என் செருப்பை அதன் பக்கத்தில் கழற்றிவிட்டபோது பார்த்தேன். இடது செருப்பின் அடியிலிருந்து ஒரு ஆணி மேலே முளைத்திருந்தது. சுற்றிலும் கறுப்பாக ரத்தம் காய்ந்திருந்தது.

"அக்கா, காலைக் காட்டுங்க."

"நல்லாத்தான் இருக்கு. உக்காரு, டீ போடறேன்."

"டீ அப்புறம். காலு."

மடக்கிய காலை லுங்கிக்குள் இன்னும் இழுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒருவர் முன்னால் பாதத்தை நீட்டுவது மரியாதை இல்லை. கால் புண்ணெல்லாம் முற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். நானே பிடித்து இழுத்தேன். பெருவிரலுக்குக் கீழே ஓட்டை. சுற்றிலும் வீக்கம், கொஞ்சம் வாடை.

"வலிக்கலையா?"

டோ லா யின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைச் சொல்லத்தான் அவர் காத்திருந்தார்.

"அதான் சொல்ல வந்தேன், தங்கச்சி. வலி போயிடுச்சு. முன்னெல்லாம் உக்காந்தா இந்தக் காலு நெருப்பா எரியும். 'எரியுது, எரியுது'ன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப இல்ல. சயாதோகிட்ட சொன்னேன். 'நல்லது, விடாம கவனி'ன்னாரு. வரிசையில எல்லாருக்கும் கேட்டுச்சு. கூட உக்கார்ற டின் நு இருக்காளே, 'நீ எங்களுக்கு முன்னாடி முக்திக்குப் போயிடுவ போல, எங்களுக்கும் ஒரு பாய் போட்டு இடம் புடிச்சு வை'ங்கறா."

சயாதோ என்றால் மடத்தின் தலைமைத் துறவி. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் அவர் முன்னால் போய்த் தியானத்தில் கண்டதைச் சொல்ல வேண்டும். சுருட்டுக் கொட்டகையிலும் சரி, புருஷன் வீட்டிலும் சரி, லா யினைப் பார்த்து யாரும் நல்லது என்று சொன்னதில்லை. புருஷன் ஊ பா தவுங் இறந்த பிறகு மகள் சந்தார் தாய்லாந்தில் மகாசாய்க்கு இறால் உரிக்கப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு குரல் செய்தி வரும். அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்பார். மற்ற நாட்களில் "தனிமை, தனிமை" என்று பெயர் சொல்லிவிட்டுக் கீரை ஆய்வார். நான் தியானம் செய்கிறவள் இல்லை. ஆனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். புருஷன் இறந்த வருஷம் சோறு கூட இறங்காமல் கிடந்தவரை எழுப்பி உட்கார வைத்தது அதுதான்.

அதனால்தான் அடுத்ததைச் செய்யக் கை தயங்கியது. ஆனால் விட்டால் சீழ் மேலே ஏறும். கால் போனால் படி இறங்க முடியாது, மடமும் போய்விடும்.

பஞ்சைத் திரியாகத் திரித்தேன். "கண்ண மூடுங்க. நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

கண்ணை மூடினார். அதில் அவருக்கு நல்ல பழக்கம். ஒவ்வொரு விரலாகத் தொட்டேன், குதிகாலைத் தொட்டேன், மறுகாலுக்குப் போய் அங்கும் தொட்டேன்.

"எப்ப தொடப் போற?" என்றார்.

"தொட்டு முடிச்சாச்சு."

கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் காலையே பார்த்தார். "அதான் நான் சொல்றேனே. இந்தக் கால் என்னை விட்டுப் போச்சு. பற்று விட்டா அப்படித்தான்."

அவர் உள்ளங்கையில் பஞ்சை வைத்தேன். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"கைக்கு மட்டும் பற்று விடலையா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். "தியானத்துல வலி போகலாம் அக்கா, எனக்குத் தெரியாது. ஆனா பஞ்சு பட்டாத் தெரியணும். இது சர்க்கரை. நரம்பு செத்துப்போச்சு. ஆணி மேல நடந்து மடத்துக்குப் போயிருக்கீங்க. அங்க 'தூக்குது, வைக்குது'ன்னு மெதுவா வேற நடந்திருக்கீங்க."

"அப்ப சயாதோ சொன்னது?"

"நீங்க சொன்னத வச்சு சொன்னாரு. பொம்பள காலை அவரு தொட்டா பாக்க முடியும்?"

அவர் ஆய்ந்த கீரையைக் கூடையில் அமுக்கினார், மறுபடி உதறினார். இந்த முறை எதற்கும் பெயர் சொல்லவில்லை. நான் தண்ணீர் காய்ச்சி, புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டேன். அவர் தன் காலில் வேலை நடப்பதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி. தங்கச் சொல்லுவாங்க."

"கூட யாருன்னு கேப்பாங்க."

"நான்னு சொல்லுங்க."

"நீ இந்தத் தெருவுக்கே கூட இருக்கறவ. எனக்குன்னு இருக்கறது வேற."

உண்மையைத்தான் சொன்னார். ஆணியைக் கல்லால் தட்டி எடுத்துத் தூர எறிந்தேன். செருப்பைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வருவதாக அவர் சொல்லவில்லை. தெருவில் திரும்பிப் பார்த்தேன். சன்னலோரம் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கண் மூடியிருந்தது. அந்த மூடிய கண்ணுக்குள் இனி அவருக்கு என்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே படுக்கைப் புண் காத்திருந்தது.

மறுநாள் காலையில் சைக்கிள் ரிக்‌ஷாவோடு போனபோது, துறவிகள் பிச்சைக்கு வந்து போயிருந்தார்கள். வாசல் பெஞ்சில் காலிச் சோற்றுப் பாத்திரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. டோ லா யின் மேல்படியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். பையின் வாயில் மடத்துக்குப் போர்த்திக்கொண்டு போகும் பழுப்புத் துண்டு தெரிந்தது.

"அந்தப் பஞ்சு இருக்கா?"

"ரிக்‌ஷாக்காரர் நிக்கிறாரு, அக்கா."

"நிக்கட்டும்." கண்ணை மூடிக்கொண்டு, யாரும் கேட்காமலே பாதத்தை என் பக்கம் நீட்டினார். "தொடும்போது தொட்டேன்னு சொல்லு. நான் உள்ளத உள்ளபடி சொல்றேன்."

சுண்டுவிரலைத் தொட்டேன். "தொட்டேன்."

"தெரியல," என்றார். அடுத்த விரலுக்கும் "தெரியல." குதிகாலுக்கும் அதேதான். அவசரமே இல்லை, கீரை ஆய்கிற அதே குரல். கணுக்காலுக்கு மேலே பஞ்சு ஏறியபோது புருவம் அசைந்தது. "தெரியுது. தெரியுது."

கண்ணைத் திறந்து அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு என் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கினார்.

எங்கள் ஊர் ரிக்‌ஷாவில் இரண்டு பேர் முதுகுக்கு முதுகு வைத்துத்தான் உட்கார முடியும். நான் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தேன், அவர் தன் வீட்டைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. வண்டி கிளம்பிக் குழியில் இறங்கி ஏறியதும் எங்கள் முதுகுகள் முட்டிக்கொண்டன.

"படுது," என்று பின்னால் மெல்லக் கேட்டது. "படுது, படுது."

நான் முதுகை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன்.